ஸ்காட்லாந்து முன்னோரைப் பழைய உயில்களில் தேடுவது எப்படி?

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1855 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குத் திருச்சபைப் பதிவேடுகளே கதி. அவற்றில் ஞானஸ்நானமும் திருமணமும் ஓரளவு கிடைக்கும். இறந்தவர்களைப் பற்றிய குறிப்பு பல ஊர்களில் இருக்கவே இருக்காது. கொள்ளுத்தாத்தாவின் தாத்தா எப்போது இறந்தார், பின்னால் யாரை விட்டுப் போனார் என்பதைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். இங்கே கைகொடுப்பவை நீதிமன்றங்களில் பதிவான உயில்களும் சொத்துப் பட்டியல்களும்.

புதிதாகத் தேட வருபவர்கள் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். “எங்கள் முன்னோர் சாதாரண விவசாயி, உயில் எழுதும் அளவுக்கு அவரிடம் என்ன இருந்திருக்கும்?” என்று கேட்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்தவருக்கும் அங்கே ஆவணம் உண்டு. தனக்கென ஆவணமே இல்லாத ஏழையின் பெயர்கூட, இன்னொருவர் சொத்துப் பட்டியலில் கடன்காரராகவோ வேலையாளாகவோ வந்து நிற்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் தேடும் முறையே மாறிவிடும்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

இறந்தவரின் சொத்தைக் கையாள ஒருவருக்கு நீதிமன்றம் தரும் அனுமதியை நம் ஊரிலும் இங்கிலாந்திலும் புரொபேட் என்கிறோம். ஸ்காட்லாந்தில் அதற்குப் பெயர் கன்ஃபர்மேஷன். அதற்காக நீதிமன்றத்தில் பதிவான பழைய ஆவணத்தின் பெயர் டெஸ்டமென்ட். இதில் இரண்டு வகை. இறந்தவர் உயில் எழுதி, சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டரையும் தானே நியமித்திருந்தால் அது டெஸ்டமென்ட் டெஸ்டமென்டர். உயில் இல்லாமல் இறந்து, நீதிமன்றமே எக்ஸிகியூட்டரை நியமித்திருந்தால் டெஸ்டமென்ட் டேட்டிவ். இரண்டிலுமே இறந்தவரின் பெயர், ஊர், பெரும்பாலும் இறந்த மாதம், சொத்துப் பட்டியல், எக்ஸிகியூட்டரின் பெயர் எல்லாம் இருக்கும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1796-ல் டம்ஃப்ரீஸ் நகரில் உயில் எழுதாமலேதான் இறந்தார். அவருக்கும் டெஸ்டமென்ட் டேட்டிவ் உண்டு. ஆகவே அட்டவணையில் தேடும்போது ‘டேட்டிவ்’ என்று கண்டால் உயில் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு அடிப்படை விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பக்கம்கூடச் சரியாகப் படிக்க முடியாது. 1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தையும் வீட்டையும் உயில் வழியாக யாருக்கும் எழுதி வைக்க முடியாது. அசையாச் சொத்து சட்டப்படி மூத்த மகனுக்குப் போய்விடும். டெஸ்டமென்டில் வருவதெல்லாம் அசையும் சொத்து மட்டும்: மாடு, ஆடு, தானியம், தட்டுமுட்டுச் சாமான், ரொக்கம், வரவேண்டிய கடன். இதனால் பெரிய நிலக்கிழாரின் பட்டியல் ஒரு கடைக்காரரின் பட்டியலைவிடச் சிறியதாக இருப்பதும் உண்டு. மூத்த மகனின் பெயர் அதில் வராமலே போவதும் உண்டு. தம்பி தங்கைகளின் பெயரெல்லாம் இருந்து மூத்தவர் பெயர் மட்டும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டார் என்றோ அப்பாவோடு பகை என்றோ முடிவு கட்ட வேண்டாம். நிலம் அவருக்குப் போயிருக்கலாம்.

எந்த நீதிமன்றம்?

மதச் சீர்திருத்தத்துக்கு முன்பு இந்த வேலை திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. பிறகு அதைக் கமிசரி நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. எடின்பரோ கமிசரி நீதிமன்றம் 1564-ல் அமைந்தது. இவற்றின் எல்லைகள் பழைய பிஷப் மண்டலங்களின் எல்லைகளை ஒட்டியவை. கவுண்டி எனப்படும் மாவட்ட எல்லைகளோடு அவை பொருந்தா. பெர்த்ஷயரை எடுத்துக்கொண்டால் ஒரு பகுதி டன்பிளேன், ஒரு பகுதி டன்கெல்ட், ஒரு பகுதி செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று பிரிந்து கிடக்கும். அதனால் கவுண்டியின் பெயரை மட்டும் வைத்து நீதிமன்றத்தை ஊகிக்காமல், முன்னோர் வாழ்ந்த பாரிஷ் (திருச்சபை வட்டம்) எந்தக் கமிசரி எல்லையில் இருந்தது என்று பாருங்கள்.

எடின்பரோவுக்குத் தனி இடம் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வெளியே இறந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கமிசரி எல்லைகளில் சொத்து வைத்திருந்தவர்கள் ஆகியோரின் ஆவணங்கள் அங்கேதான் பதிவாகும். உள்ளூர் நீதிமன்றத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அடுத்து எடின்பரோவைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

1824 முதல் இந்தப் பொறுப்பு ஷெரீஃப் நீதிமன்றங்களுக்கு மாறியது. எடின்பரோ கமிசரி நீதிமன்றம் மட்டும் 1836 வரை நீடித்தது. ஆவண எண்ணில் ‘சிசி’ என்றிருந்தால் கமிசரி, ‘எஸ்சி’ என்றிருந்தால் ஷெரீஃப். ‘சிசி 8’ எடின்பரோ கமிசரி. ‘எஸ்சி 70’ எடின்பரோ ஷெரீஃப்.

எல்லா ஊர்ப் பதிவுகளும் தப்பிப் பிழைக்கவில்லை. அபர்டீன் கமிசரி நீதிமன்றத்தின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீயில் அழிந்துபோனது. உங்கள் குடும்பம் அந்தப் பக்கம் என்றால் 1700-க்கு முன் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

அட்டவணையில் தேடுதல்

ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் இணையதளத்தில் 1513 முதல் 1925 வரையிலான டெஸ்டமென்ட்களின் அட்டவணை இருக்கிறது. கணக்குத் தொடங்கிவிட்டால் அட்டவணையில் தேட காசு வேண்டாம். ஆவணத்தின் படத்தைப் பார்க்க மட்டும் கட்டணம். அதனால் பணம் கட்டும் முன் அட்டவணையை நன்றாகச் சலித்து எடுங்கள்.

தேடும்போது முதலில் குடும்பப் பெயரை மட்டும் போடுங்கள். எழுத்துக்கூட்டல் அந்தக் காலத்தில் எழுத்தரின் விருப்பம். ஒரே ஆவணத்தில் ஒருவர் பெயர் மூன்று விதமாக வரும். ‘மேக்’ என்று தொடங்கும் பெயர்களை எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடும் வசதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

காலத்தையும் அகலமாக வையுங்கள். அட்டவணையில் இருப்பது நீதிமன்றத்தில் பதிவான தேதி. இறந்த தேதி அதுவல்ல. இரண்டுக்கும் இடையே சில மாதங்கள் இருக்கலாம், பல ஆண்டுகளும் இருக்கலாம். யாரோ ஒரு கடன்காரர் பணத்தைக் கேட்டு வழக்குப் போட்ட பிறகுதான் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். சில சமயம் அந்தக் கடன்காரரே எக்ஸிகியூட்டராக நியமிக்கப்பட்டிருப்பார். இறந்த ஆண்டிலிருந்து இருபது முப்பது ஆண்டுகள் வரை தள்ளிப் பார்ப்பது மிகையல்ல.

பெண்களைத் தேடுவது நினைப்பதைவிட எளிது. ஸ்காட்லாந்துச் சட்ட ஆவணங்களில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே குறிக்கப்படுவாள், பக்கத்தில் கணவர் பெயர் வரும். கணவருக்கு முன்பே மனைவி இறந்தாலும், 16, 17-ம் நூற்றாண்டுகளில் அவள் பெயரில் டெஸ்டமென்ட் பதிவாவது சாதாரணம். அதில் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து முழுவதும் வரிசையாக இருக்கும். கணவரைத் தேடிக் கிடைக்காதவர்கள் மனைவியின் பெயரில் தேடிப் பாருங்கள்.

அட்டவணையில் தொழிலும் ஊரும் கூடவே வரும். அந்த ஊர்ப் பெயருக்கு முன்னால் உள்ள சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘ஆஃப்’ என்றிருந்தால் அந்த நிலத்தின் உரிமையாளர். ‘இன்’ என்றிருந்தால் அங்கே குத்தகைக்கு இருந்தவர். ‘போர்ஷனர்’ என்றால் நிலத்தில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர். ‘பர்ஜெஸ்’ என்றால் நகரத்தில் தொழில் செய்யும் உரிமை பெற்றவர், அப்படியானால் அந்த நகரத்தின் பர்ஜெஸ் பதிவேட்டிலும் அவரைத் தேடலாம்.

19-ம் நூற்றாண்டுக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. ஷெரீஃப் நீதிமன்றங்களில் சொத்துப் பட்டியல் ஒரு தொகுதியிலும் உயில் வேறு தொகுதியிலும் பதிவாயின. எடின்பரோவில் ‘எஸ்சி 70/1’ பட்டியல்களுக்கு, ‘எஸ்சி 70/4’ உயில்களுக்கு. ஒன்றை மட்டும் வாங்கிப் படித்துவிட்டு இவ்வளவுதான் என்று நின்றுவிடாதீர்கள். ‘ஈக்’ என்ற குறிப்பைக் கண்டால், முதலில் விடுபட்ட சொத்தைப் பின்னர் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதையும் எடுத்துப் பாருங்கள்.

ஆவணத்தைப் படிக்கும் விதம்

பெரும்பாலோர் நேரே உயில் வாசகத்துக்குத் தாவுகிறார்கள். என்னைக் கேட்டால் சொத்துப் பட்டியலில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு மனிதரின் வாழ்க்கை அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

17-ம் நூற்றாண்டு விவசாயி ஒருவரின் ஆவணம் எப்படிப் போகும் என்று பார்ப்போம். முன்னுரையில் அவர் பெயர், ஊர், இறந்த மாதம், பட்டியலைக் கொடுத்தவர் யார் என்பது வரும். அடுத்து உழவு மாடுகள், பசுக்கள், ஆடுகள், ஒவ்வொன்றின் மதிப்பு. பிறகு விதைத்த தானியம். இத்தனை ‘போல்’ (இது ஒரு தானிய அளவு) ஓட்ஸ் விதைத்திருக்கிறார், அது மூன்று மடங்காகவோ நான்கு மடங்காகவோ விளையும் என்ற கணக்கு.  விதைத்ததில் மூன்று மடங்கு என்பதுதான் அந்த மண்ணில் ஒரு குடும்பம் எதிர்பார்த்த விளைச்சல். அதில் ஒரு பங்கு திரும்ப விதைக்குப் போக வேண்டும், ஒரு பங்கு குத்தகைக்குப் போக வேண்டும். இந்த ஒரு வரியே அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

அதன்பின் வரும் இரண்டு பகுதிகள் வம்சம் தேடுபவருக்குப் புதையல். இறந்தவருக்கு வரவேண்டிய கடன்கள், இறந்தவர் கொடுக்கவேண்டிய கடன்கள். கொடுக்கவேண்டியதில் வேலையாட்களின் பாக்கிக் கூலி பெயரோடு வரும். டெஸ்டமென்ட் எதுவும் இல்லாத உங்கள் முன்னோர் ஒருவர், பண்ணை வேலைக்காரராக, இந்த ஒரு வரியில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கலாம். குத்தகைப் பாக்கி யாருக்கு என்பதில் நிலக்கிழாரின் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரைத் தனியாகக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். கடன் கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் மைத்துனர், மாமனார், பக்கத்துப் பண்ணைக்காரர் என்றுதான் இருப்பார்கள்.

கடன் கழித்து மிஞ்சியதை எத்தனை பங்காகப் பிரிப்பது என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தால் மூன்று பங்கு: மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மூன்றாவது இறந்தவரின் பங்கு. உயில் எழுதித் தன் விருப்பப்படி கொடுக்க முடிந்தது அந்த மூன்றாவது பங்கை மட்டுமே. மனைவி மட்டும் அல்லது பிள்ளைகள் மட்டும் என்றால் இரண்டு பங்கு. யாரும் இல்லை என்றால் பிரிவினையே இல்லை. பெயர்கள் எதுவும் எழுதாத ஆவணத்தில்கூட ‘மூன்று பங்கு’ என்ற வரி, அவர் இறந்தபோது மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஏற்கெனவே தன் பங்கை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போன பிள்ளை இந்தக் கணக்கில் வராது. ஆகவே ‘பிரிவினை இல்லை’ என்பதைப் பிள்ளையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முடிவில் எக்ஸிகியூட்டருக்கு ஜாமீன் நின்றவர் பெயர் வரும், ‘காஷனர்’ என்று. அது வெறும் சடங்கு என்று தாண்டிப் போகாதீர்கள். இன்னொருவருக்காகத் தன் சொத்தைப் பணயம் வைப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ மிக நெருங்கியவராகவோ இருப்பார்.

கையெழுத்து, உறவுச் சொல், பணம், தேதி

18-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வரும் கையெழுத்தை யாரும் சற்றே பழகினால் படித்துவிடலாம். அதற்கு முந்தைய ‘செக்ரட்டரி ஹேண்ட்’ எழுத்து முதல் பார்வைக்கு மலைப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். இந்த ஆவணங்கள் ஒரே அச்சில் வார்த்தவை, அதே வாசகங்கள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். 1780 வாக்கில் உள்ள ஒன்றை முதலில் முழுதாகப் படித்து வாசகங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1720, அப்புறம் 1660 என்று படிப்படியாகப் பின்னால் போங்கள். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் ‘டபிள்யூ எச்’ வரவேண்டிய இடத்தில் ‘க்யூ யு எச்’ இருக்கும். ‘டி எச்’ ஒலிக்கு ‘ஒய்’ போன்ற எழுத்து வரும். ‘யு’, ‘வி’, ‘டபிள்யூ’ மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். பெரிய ‘எஃப்’ இரண்டு சின்ன ‘எஃப்’ போலத் தெரியும். இவ்வளவு தெரிந்தாலே பாதி தாண்டிவிடலாம்.

சில சொற்கள் அடிக்கடி வரும். ‘உம்க்வைல்’ என்றால் காலஞ்சென்ற. ‘ரெலிக்ட்’ என்றால் விதவை. ‘ஓய்’ என்றால் பேரப்பிள்ளை. ‘பிரதர் ஜெர்மன்’ என்றால் உடன்பிறந்த சகோதரர். ‘குட் பிரதர்’ என்பவர் மைத்துனர். ‘நெவோய்’ என்பது சகோதரன் அல்லது சகோதரியின் மகனையும் குறிக்கும், பேரனையும் குறிக்கும், அதனால் அதை மட்டும் நம்பி மரத்தில் கிளை வரையாதீர்கள். ‘நேச்சுரல் சன்’ என்று தனியாக வந்தால் பெரும்பாலும் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன். ‘லாஃபுல்’ என்ற சொல்லும் சேர்ந்து ‘லாஃபுல் நேச்சுரல் சன்’ என்று வந்தால் முறைப்படி பிறந்த மகன்தான். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் குடும்ப மரமே தப்பாகிவிடும்.

தொகைகளைப் பார்த்து முன்னோர் பெரும் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1603-க்குப் பிறகு பன்னிரண்டு ஸ்காட்டிஷ் பவுண்டு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. ‘மெர்க்’ என்பது ஸ்காட்டிஷ் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 300 மெர்க் என்றால் 200 ஸ்காட்டிஷ் பவுண்டு, அதாவது 17 ஸ்டெர்லிங் பவுண்டுக்கும் குறைவு. 1707-ல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகும் பழைய கணக்கு ஆவணங்களில் கொஞ்ச காலம் தொடர்ந்தது.

தேதியில், 1600-க்கு முன் ஸ்காட்லாந்தில் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1587 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1588.

அடுத்து எங்கே போவது?

நிலம் மூத்த மகனுக்குப் போனது என்று சொன்னேன் அல்லவா, அதற்குத் தனிப் பதிவு உண்டு. வாரிசு தன் உரிமையை உள்ளூர் ஜூரி முன் நிரூபிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு சான்சரி என்ற அரசு ஆவண அலுவலகத்துக்குத் திரும்பி வரும், அதனால் அதற்கு ‘ரிடோர்’ (திரும்பி வருவது) என்று பெயர். 1847 வரை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஆனால் வாசகம் ஒரே மாதிரிதான், யார் மகன், எந்த நிலம், முந்தைய உரிமையாளர் எப்போது இறந்தார் என்பதைப் பிடித்துவிடலாம். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு நேரே போன நிலம் என்றால் மூன்று தலைமுறை ஒரே பத்தியில் கிடைக்கும். 1617 முதல் உள்ள சசைன் பதிவேட்டில் நிலம் கைமாறிய விவரமும் இருக்கிறது.

1868-க்கு முன்பே நிலத்தைத் தான் விரும்பியவருக்குக் கொடுக்க நினைத்தவர்கள், அதை அறங்காவலர்களிடம் ஒப்படைத்து ‘டிஸ்பொசிஷன் அண்ட் செட்டில்மென்ட்’ எழுதி வைத்தார்கள். அது உயில் தொகுதியில் இல்லாமல் பத்திரப் பதிவேட்டில் போய்ச் சேர்ந்திருக்கலாம். எடின்பரோவின் பெரிய பத்திரப் பதிவேடு 1554-ல் தொடங்குகிறது. எல்லா ஆண்டுகளுக்கும் அட்டவணை இல்லாததால் இது பொறுமை கேட்கும் வேலை.

குறித்து வைத்த நிலக்கிழாரின் பெயர் இப்போது உதவும். பெரிய பண்ணைக் குடும்பங்களின் காகிதங்கள் பல தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஜிடி’ எண்களில் இருக்கின்றன. டே ஏரிக்கரையை ஆண்ட பிரெடால்பேன் குடும்பத்தின் காகிதங்கள் ‘ஜிடி 112’. குத்தகைப் பட்டியலில் உங்கள் முன்னோர் ஆண்டுக்கு ஆண்டு வந்து, ஓர் ஆண்டில் அவர் பெயர் போய் விதவையின் பெயரோ மகனின் பெயரோ வரும். இறந்த ஆண்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1745-ல் அரசருக்கு எதிராக எழுந்த ஜாகோபைட் கிளர்ச்சிக்குப் பின் அரசு பறிமுதல் செய்த ஹைலாண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) பண்ணைகளின் பதிவுகளும் அங்கே உண்டு. மற்ற ஆவணங்களே இல்லாத ஏழைக் குத்தகைதாரர்களின் பெயர்கள் அவற்றில் கிடைக்கின்றன.

1876 முதல் ஆண்டுதோறும் அச்சான கன்ஃபர்மேஷன் பட்டியல் இருக்கிறது. பெயர், தொழில், இறந்த இடம், தேதி, எக்ஸிகியூட்டர், மதிப்பு எல்லாம் சில வரிகளில் அடங்கிவிடும். முதல் உலகப் போரில் இறந்த சாதாரணப் படைவீரர்கள் எழுதிய உயில்களையும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிளில் தேடலாம். 1925-க்குப் பிந்தையவற்றுக்கு ஆவணக் காப்பகத்தைக் கேட்க வேண்டும். மிக அண்மையவை நீதிமன்றத்திடமே இருக்கும்.

சென்னையிலும் இலங்கையிலும் இறந்தவர்கள்

தமிழ்நாட்டு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலும் இலங்கையின் மலைநாட்டிலும் ஸ்காட்டிஷ் குடும்பப் பெயர்கள் உண்டு. மெட்ராஸ் கவர்னராக இருந்து 1827-ல் பத்திகொண்டாவில் இறந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். இலங்கையின் லூலகந்துரவில் 1867-ல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயர்க்காரர். இவர்களைப் போல் வந்த எழுத்தர்கள், சிப்பாய்கள், தோட்டத் துரைமார் ஏராளம்.

இப்படி ஒருவரைத் தேடினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பணமோ சொத்தோ இருந்திருந்தால் எடின்பரோ கமிசரி, 19-ம் நூற்றாண்டில் எடின்பரோ ஷெரீஃப். மெட்ராஸ் மாகாணத்தில் பதிவான உயில்களுக்கும் சொத்துப் பட்டியல்களுக்கும் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரி வைத்திருக்கும் இந்தியா ஆபீஸ் பதிவுகள். இங்கிலாந்தில் முதலீடு இருந்திருந்தால், 1858 ஜனவரி வரை கேன்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தில் பதிவான உயில்கள், அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இந்தியாவில் எழுதிய உயில்களில் ‘நேச்சுரல்’ பிள்ளைகளுக்கு ஒதுக்கிய தொகையைக் குறிப்பாகத் தேடுங்கள். பிள்ளைகளின் தாய், அந்த மண்ணைச் சேர்ந்த பெண், பல சமயம் ‘வீட்டைக் கவனித்துக்கொள்பவள்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருப்பாள். அவள் பெயரைக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருக்கும். வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆய்வாளருக்குப் புலப்படாத தமிழ்ப் பெயர் உங்கள் காதுக்குப் பிடிபடக்கூடும்.